பழனிப் பாதையில் ஹேமக் கட்டுவோர் கவனத்துக்கு

தோளில் பாரம் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்து, இறக்கி வைக்க இடம் பார்க்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட முதல் ஆள் இடும்பன். அகத்தியர் கேட்டார் என்று சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தூக்கி வந்தான். பாரத்தை இரு பக்கமும் சமமாகப் பிரித்திருந்தான், தோளில் சரியாக உட்கார வைத்திருந்தான். அதுவரை அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவாவினன்குடி வந்ததும் கால் கடுத்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இறக்கி வைத்துவிட்டான். இளைப்பாறி எழுந்து தூக்கினால் மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணத்தோடு ஒரு சிறுவன் நின்று, இது என் இடம் என்கிறான். அப்புறம் நடந்த சண்டையும், இடும்பன் உயிர் போய்த் திரும்பி வந்த கதையும் உங்களுக்கே தெரியும்.

ஆகவே, ஷிப்மெண்ட் முடிந்த களைப்பில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தாகம் எடுத்த இடத்தில் குடித்து, இருட்டிய இடத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் என்ற தொங்கு படுக்கையைக் கட்டித் தூங்கலாம் என்று திட்டம் போடும் திருப்பூர்த் தம்பிகளுக்கு என் முதல் ஆலோசனை: அந்தப் படங்களில் மரத்துக்குச் சொந்தக்காரர் யாரும் தெரிவதில்லை. தாராபுரம் பக்கம் தெரிவார். கையில் டார்ச்சோடு தெரிவார்.

பாதை எது என்பதில் குழப்பம் வேண்டாம். ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்து வைத்திருக்கும் பாதையே இருக்கிறது. காங்கேயத்தில் தொடங்கி ஊதியூர் வழியாகத் தாராபுரம், அங்கிருந்து அமராவதியைத் தாண்டிப் பழனி. முதல் பாதி 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, இரண்டாம் பாதி 35-ஐ ஒட்டி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பெண்கள், வயதானவர்கள், செருப்பில்லாத கால்கள் எல்லாம் நடக்கும் தூரம் இது. அவர்களிடம் எடை குறைந்த அலுமினியக் கம்பும் இல்லை, கழுத்தில் குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப் பையும் இல்லை. இதை நினைத்து நீங்கள் வெட்கப்பட வேண்டாம். வாங்கியாயிற்று, மாட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

வெயிலில் பாரத்தோடு நடக்கிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். மணிக்கு நாலரைக் கிலோமீட்டர் நடந்தால் தாராபுரத்திலிருந்து பழனிக்கு எட்டு மணி நேரம். அதாவது 4 லிட்டரிலிருந்து 8 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையின் எடையைக் குறைப்பதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்பது நல்லது. 5 கிராம் மிச்சம் பிடித்தீர்கள், 6 கிலோ ஏற்றப் போகிறீர்கள்.

அவ்வளவையும் எதற்குச் சுமக்க வேண்டும், வழியில் பிடித்துக்கொள்ளலாமே என்று போனைத் திறப்பீர்கள். மேப்பில் நீலம் நீலமாகத் தெரியும். தாராபுரத்தைச் சுற்றி உப்பாறு அணை, நல்லதங்காள் ஓடை அணை, வெள்ளகோயில் பக்கம் வட்டமலைக்கரை அணை. அணை என்றால் தண்ணீர் இருக்கும் என்று நம்புகிற நல்ல மனசு உங்களுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. இந்த மூன்றில் ஆடு மேய்ந்த வருஷங்கள் நிறைய. உப்பாற்றுக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) திட்டத் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் உட்காராத தெருவில்லை. நீங்கள் பாட்டிலோடு போய்க் கரையில் நின்றால், தண்ணீர் கேட்டுப் போராட வந்த இன்னொருவர் என்று பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைப்பார்கள்.

அமராவதி அப்படியில்லை, ஆறு நிஜமாகவே ஓடும். எப்போது ஓடும் என்பதை உடுமலைக்குத் தெற்கே இருக்கும் அணையின் மதகுதான் முடிவு செய்யும். 1957-இல் கட்டிய அந்த அணையில் தண்ணீர் திறந்தால் தாராபுரம் பாலத்தின் கீழே ஆறு, மூடினால் மணலும் குட்டையும். இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நீர்த்தேக்கத்தில் சதுப்பு நில முதலைகள் இயற்கையாகவே இனம் பெருக்கி வாழ்கின்றன. பக்கத்தில் 1976-லிருந்து முதலைப் பண்ணையே இருக்கிறது. அணைக்குக் கீழே ஆற்றிலும் முதலை தலை காட்டியது என்று அவ்வப்போது பேப்பரில் வரும். விடிகாலையில் நதியில் இறங்கி இரு கையாலும் அள்ளிக் குடிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். படத்தை எடுக்கிறவர் கரையில் நின்று எடுக்கட்டும்.

நொய்யலைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எந்த நாட்டுக்கு என்ன கலரில் ஆர்டர் போகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. இப்போது நிலைமை முன்னைப் போலில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் உங்கள் பையில் இருக்கும் விலை உயர்ந்த வடிகட்டி பாக்டீரியாவுக்காகச் செய்தது, சாயத்துக்காகச் செய்ததில்லை. கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், உப்பு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்.

இதே காரணத்தால்தான் வழியில் பார்க்கும் எல்லாக் குழாயிலும் வாயை வைக்கக் கூடாது. இந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கு ஜாதகமே உண்டு. போர் தண்ணி குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. நல்ல தண்ணி குடிக்க, பருப்பு வேக வைக்க. ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கி எடுத்த சப்பத் தண்ணியில் பருப்பு வேகாது என்று எந்த ஆத்தாவும் சொல்வார். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கையடக்க மீட்டர் வாங்கி அளக்கலாம். அதைவிட மலிவான வழி, "ஏனுங்க, இது நல்ல தண்ணிங்களா?" என்று கேட்பது. இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்துக் கிணற்றையும் மோட்டாரையும் நம்பிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மலையேற்றப் புத்தகங்களில் ஊற்று எங்கே இருக்கிறது என்றுதான் போட்டிருக்கும். இங்கே ஊற்று எத்தனை மணிக்கு வரும் என்பதே கேள்வி. த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் தொட்டியில் விழும். கரண்ட் பகலில் வரும் வாரமும் உண்டு, சாமத்தில் வரும் வாரமும் உண்டு. பஞ்சாயத்துக் குழாய்க்கும் அப்படித்தான். தண்ணி விடுகிறவர் எப்போது சைக்கிளில் வந்து வால்வைத் திருகுகிறாரோ அப்போதுதான் காவேரித் தண்ணி. ஆகவே உங்கள் பயணத் திட்டத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதும் இடத்தில் வால்வுக்காரரின் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிக்கலுக்கும் ஒரு பழைய தீர்வு இருக்கிறது. சொன்னால் வடிகட்டி வாங்கிய பணம் வயிற்றைக் கலக்கும், பரவாயில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு ஜனங்கள் கொடுமுடியில் காவேரித் தண்ணீரைக் கலசத்தில் மொண்டு, தீர்த்தக் காவடியாகப் பழனி வரைக்கும் நடந்தே கொண்டுபோகிறார்கள். பங்குனி வெயிலில், தார் ரோட்டில், வாய் வறண்டு, தோளில் தண்ணீரோடு. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு யாரும் குடிப்பதில்லை, அது சாமிக்கு. குடிக்கிற தண்ணீர் வழி நெடுகப் பந்தலில் இருக்கிறது. தண்ணீர்த் திட்டமிடலில் இதற்கு மேல் ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நடக்கிறவர் தனக்கென்று ஒரு லிட்டர்கூடச் சுமப்பதில்லை.

பந்தல் என்றால் வெறும் தண்ணீர்ப் பானை என்று நினைத்துவிடாதீர்கள். மோர், கம்மங்கூழ், எலுமிச்சை ஜூஸ், சுக்குக் காப்பி, சில இடத்தில் சுடச்சுடப் பொங்கல். கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட ஆள் உட்கார்ந்திருக்கும். குடிக்காமல் தாண்டிப் போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். பழைய கல்வெட்டுகளிலேயே தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் எழுதி வைத்த செய்தி உண்டு. அந்தக் காலத்தில் சாலை என்றால் கிணறு, சத்திரம், நிழல் மரம், அப்புறம் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள், தலைச்சுமைக்காரர் பிறர் உதவி இல்லாமல் இறக்கி ஏற்றிக்கொள்கிற உயரத்தில். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்த கல் அது. இன்றைக்கும் சில ஊர் முனைகளில் கேட்பாரற்று நிற்கிறது. பார்த்தால் உங்கள் பையை அதன் மேல் வைத்து இளைப்பாறுங்கள். அதற்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆகும்.

திருவிழா இல்லாத நாளில் நடக்கிறவருக்குப் பந்தல் கிடையாது. தோட்டத்து வீடான சாளைதான். கடவுக்கு வெளியே நின்று, நாய் குரைத்து முடிக்கும் வரை பொறுத்து, "ஆத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்று கேளுங்கள். "வெய்யல்ல எதுக்குச் சாமி நிக்கறே, உள்ள வா" என்று வரும் பதில். பின்னாலேயே சொம்பும், அதற்குப் பின்னால் மோரும், அதற்கும் பின்னால் கல்யாணம் ஆயிருச்சா என்ற கேள்வியும் வரும். மூன்றையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ஒன்று மட்டும் பையில் இருக்கட்டும். நிறைய வேர்த்துத் தலை சுற்றினால் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதில் கேலி எதுவும் இல்லை.

துணியும் கோணமும்

இப்போது தூக்கத்துக்கு வருவோம். திருப்பூர்க்காரர் கடையில் ஹேமக் வாங்குவது பிறந்த மண்ணுக்குச் செய்யும் அவமானம் என்று நினைத்து, கம்பெனியில் மீந்த பனியன் துணியில் நீங்களே தைக்கத் திட்டமிடுவீர்கள். வேண்டாம். பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. பாரம் ஏறினால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். சிங்கிள் ஜெர்சி அகலவாட்டில் இன்னும் தாராளம். 70 கிலோ ஆள் ஏறிப் படுக்கும்போது ஹேமக், சாமத்தில் ஊஞ்சல் மாதிரி ஏதோ ஒன்று, விடியும்போது பாய். ஜி.எஸ்.எம்., அதாவது துணியின் கனத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று செக்கிங்கில் இருக்கும் அண்ணன் சொல்வார். அவர் படுத்துக் காட்டினால் நம்புங்கள்.

பாவும் ஊடையுமாக நெய்த துணிதான் தாங்கும். நம்மை எல்லாம் தாங்கி வளர்த்த தூளியும் அம்மாவின் நெய்த சேலைதான். களை வெட்டப் போகிறவர்கள் வரப்போர வேப்பங்கிளையில் சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். அதற்கு யாரும் காணொளி பார்த்துப் பழகவில்லை. என்ன, அதில் படுத்தவருக்கு எடை 7 கிலோ, உங்களுக்கு 70.

இந்த 70 கிலோ எங்கே போகிறது என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி ஹேமக்கைக் கொடிக்கயிறாக இழுத்துக் கட்டினால் மட்டமாகப் படுக்கலாம் என்று தோன்றும். கயிறு தரைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றின் மேலும் உங்கள் எடை அளவு, அதாவது 70 கிலோ இழுப்பு. அதையே 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் ஒரு பக்கத்துக்கு 200 கிலோ. கயிறு, கொக்கி, மரப்பட்டை, தையல் என்று எது முதலில் கை விடும் என்பதே அப்புறம் கேள்வி. ஆகவே தொய்வாகக் கட்டுங்கள். சாய்வை அளக்கக் கருவி வேண்டாம், கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டினால் கட்டை விரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவே ஓடும் கோடு கிட்டத்தட்ட 30 பாகை. தொய்வான ஹேமக்கில் நேராகப் படுத்தால் முதுகு வளையும், கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் மட்டமாகும். மரத்தில் சுற்ற மெல்லிய கயிறு கூடாது, பட்டையை அறுக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் அகலமான பாலியஸ்டர் நாடா வேண்டும். எலாஸ்டிக் நாடா நம்மூரில் கிலோ கணக்கில் கிடைக்கிறது என்பது காரணமாகாது.

மரம் பார்த்தல்

ஹேமக்குக்கு 12-லிருந்து 15 அடி இடைவெளியில் இரண்டு தடித்த மரங்கள் வேண்டும். தாராபுரம் வட்டாரத்தில் மரங்கள் இதைக் கேட்டு வளரவில்லை.

அமராவதிப் பாசனத்துத் தென்னந்தோப்பைப் பார்த்ததும் ஆசை வரும். வரிசை வரிசையாக, நிழலாக, சினிமா மாதிரி. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக நடுவதுதான் முறை. அந்த இடைவெளியில் 30 பாகைச் சாய்வு கிடைக்க நாடாவைக் கிட்டத்தட்ட ஒன்பதடி உயரத்தில் கட்ட வேண்டும். அதற்குக் காய் பறிக்கிறவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்தால் மேலே பார்ப்பார், பழுத்த மட்டையையும் முற்றிய காயையும் பார்ப்பார், கீழே படுக்கப் போகும் உங்களையும் பார்ப்பார். கூலி வாங்காமல் போய்விடுவார்.

மூலனூர்ப் பக்கம் ஒதுங்கினால் முருங்கைக் காடு. மூலனூர் முருங்கைக்கு வெளியூர் வரை பேர் உண்டு, கிளைக்குப் பேர் கிடையாது. காய்க்கே முறிகிற மரம். முருங்கையில் தொங்கித் தூங்கியதாக வரலாற்றில் பதிவானது வேதாளம் ஒன்றுதான். அதற்கும் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை, இருட்டினால் ஒரு ராஜா வந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

சாலையோரப் புளியமரம் பலமானது, பழைய பாதசாரிகளுக்காகவே வைத்தது. அகலப்படுத்திய இடங்களில் போய்விட்டது, மிச்சம் நிற்பது நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், அதன் புளியை ஏலம் எடுத்தவருக்குப் பாதிச் சொந்தம். இரவில் அதனடியில் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பேயைக் காரணம் சொல்வார்கள். நான் லாரியைச் சொல்வேன். பனை வேண்டாம், மட்டையின் கருக்கு அறுக்கும். காற்றாலைக் கம்பத்தில் கட்டலாமா என்று கேட்கும் தம்பி ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்குப் பதில் கிடையாது.

மிச்சம் இருப்பது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலம், காங்கேயம் மாடு உருவான இடமே இதுதான். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த மாதிரி வெள்வேல மரம். உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாத அழகு என்று நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்பீர்கள், சொல்லிவிட்டேன். மரம் திடமானது, இடைவெளி அங்கங்கே சரியாக அமையும். முள் இருக்கிறது, அடிமரத்தில் கட்டினால் தப்பலாம். காய்க்கிற பருவத்தில் நீங்கள் புரண்டு படுத்தால் மரம் ஆடி வெள்வேலங்காய் உதிரும். அது ஆட்டுக்குப் பிரியமான தீனி. விடியும்போது உங்கள் அடியில் ஒரு மந்தையே நின்று, இன்னும் கொஞ்சம் புரளச் சொல்லி அண்ணாந்து பார்க்கும்.

ஆனால் படலைத் திறந்துகொண்டு நீங்களாக உள்ளே போகாதீர்கள். கொஞ்ச காலமாகத் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது இந்தப் பக்கத்துப் பெரிய வேதனை. இழப்பீடு கேட்டு ஆடு வளர்ப்போர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 2023-இல் ஊதியூர் மலைக்காட்டில் சிறுத்தை வேறு வந்து ஆட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பட்டிக்காரர்கள் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து உட்காரும் காலம் இது. அந்த நேரத்தில் மரத்தில் ஒரு மூட்டை தொங்கி அதற்குள்ளிருந்து குறட்டை வந்தால் என்ன நினைப்பார்கள்?

தொங்கும் மூட்டையைப் பார்த்து இந்த ஊர் பயப்படுவது புதிதில்லை. பாண்டவர்கள் ஒரு வருஷம் ஒளிந்திருந்த விராடபுரமே தாராபுரம் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. ஊருக்குள் நுழையும் முன் ஆயுதங்களை மூட்டையாகக் கட்டி வன்னி மரத்தில் தொங்கவிட்டு, கேட்டவர்களிடம் அது பிணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வருஷத்துக்கு ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை. அதே உத்தியை நீங்களும் கையாளலாம் என்று நினைக்காதீர்கள். காண்டீபம் குறட்டை விடாது.

பொழுதிருக்கும்போதே சாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவதுதான் வழி. பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்.

"ஏனுங் கண்ணு, மரத்துல என்னத்தைக் கட்டோணும்ங்கறீங்க?"

"ஹேமக்குங்க ஐயா. படுத்துத் தூங்கறதுக்குங்க."

"ஏன், ஊட்டுல எடமில்லீங்களா?"

"இருக்குதுங்க. இது ஒரு அனுபவத்துக்குங்க."

"எந்த ஊருங்க தம்பி?"

"திருப்பூருங்க."

"திருப்பூர்ல எங்க?"

இந்தக் கேள்விக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அவருடைய சம்பந்தி வீட்டுப் பையன் உங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் ஓவர்லாக் மிஷின் போட்டிருப்பான். அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர். மரத்தில் தொங்க ஒறம்பரையை யாரும் விட மாட்டார்கள். திண்ணையில் கயிற்றுக் கட்டில் வரும், மேலே ஜமுக்காளம் வரும், சாப்பிட்டாயிற்றா என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும். ஹேமக்கை அவிழ்த்துக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் கேட்கும், அதில் அவர்கள்தான் ஆடுவார்கள். நெய்த கயிற்றில் தொய்வாகத் தாங்குகிற படுக்கை என்ற அளவில் கயிற்றுக் கட்டிலும் ஹேமக்தான், நாலு கால் கூடுதலாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடுங்கள்.

யாராவது மனமிரங்கித் தொங்க அனுமதித்தே விட்டால், காற்றையும் குளிரையும் கவனியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றுக்காகத்தான் இந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மெகாவாட் கணக்கில் மின்சாரம் எடுக்கும் காற்றுக்கு உங்கள் 70 கிலோ ஒரு பொருட்டில்லை. மறைப்புத் துணியை மேற்குப் பக்கம் தாழ இறக்கிக் கட்டுங்கள். தையில் காற்று அடங்கியிருக்கும், பனி இறங்கும். ஹேமக்கில் குளிர் கீழேயிருந்து ஏறும். உடம்பின் எடையில் அடித்துணி அமுங்கிவிடுவதால் மேலே போர்த்தினால் மட்டும் பயனில்லை. சென்னிமலைப் போர்வையை இரண்டாக மடித்து ஹேமக்குக்கு வெளியே அடியில் கட்டுங்கள். இந்த அடிப்போர்வையைத்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் வேறு பெயரில், பல மடங்கு விலையில் விற்கின்றன.

தாராபுரம் ஊருக்குள் ஒரு இரவு என்றால் ஆற்றங்கரை ஆசையை விடுங்கள். மேலே தண்ணீர் திறந்தால் கரையோர ஜனங்களுக்குத் தண்டோரா போடுவார்கள், காதில் பஞ்சு வைத்துத் தொங்குகிறவருக்குத் தனியாகப் போட மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் இருக்கிறது, மேலே ஃபேன் சுற்றும். பழனியில் மலை மேலேயே படுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே இரவு தங்கும் உரிமை தைப்பூசக் காவடி எடுத்து வரும் எடப்பாடி பர்வத ராஜகுலத்தாருக்கு மட்டும்தான். அவர்களும் சும்மா படுப்பதில்லை, மலை மேல் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள்.

காட்டுக்குள் கட்டலாமே என்பவர்களுக்கு, விளையாட்டில்லாமல் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போன பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதே வருஷம் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, பதிவு செய்து வழிகாட்டியோடு போக ஏற்பாடு செய்திருக்கிறது. அமராவதி, உடுமலை வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் உள்ளே போய் இரவு தங்குவது குற்றம். ஊதியூர்க் காடும் வனத்துறை இடம்தான்.

கடைசியாகச் சாலை விஷயம். வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறவர்களே அதிகம். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடங்கள். பையின் பின்னால் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டுங்கள். டெயிலரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. பந்தலில் வாங்கிக் குடித்த டம்ளரை ரோட்டோரம் வீசாதீர்கள், காற்றில் பறந்து கொறங்காட்டுக்குள் விழும், மாடு தின்னும். 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளர் தமிழ்நாட்டில் தடை, இருந்தும் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறது. பந்தலில் கூடை இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் சுருட்டி எடுத்துப் போங்கள். ஹேமக் வாங்கும்போது அதோடு ஒரு சின்னப் பை இலவசமாகத் தருகிறார்கள், குப்பை போட அது தாராளமாகப் போதும்.